புரட்டிவிட்ட பக்கங்கள்

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஆவுடையம்மாளுக்கு வெல்லம் தீய்கிற வாடை அடித்தது. கை அப்படியே நின்றது. அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. வீட்டில் வெல்லம் என்று ஒரு துண்டு கிடையாது, ஆடி முதல் வெள்ளிக்குப் பாயசம் வைத்ததோடு தீர்ந்துபோனது. பக்கத்து வீடாக இருக்குமோ? பக்கத்து வீட்டு வேலம்மா மதினி மத்தியானம் சோறு உண்டால் கட்டையைச் சாய்த்துவிடுவாள், அவள் எங்கே இந்நேரம் வெல்லம் காய்ச்சப் போகிறாள். அப்படியானால் வாடையே இல்லை. இல்லாத வாடை. அது மகளுக்கு அடிக்கிற வாடையல்லவா, தனக்கு ஏன் அடிக்க வேண்டும்? குழலிக்கு வலிப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்படித்தான் அடிக்கும். "யம்மா, வெல்லம் தீயுது" என்பாள். சொல்லி வாய் மூடுமுன் கண் ஒரு பக்கமாய் இழுத்துக்கொள்ளும், இடது கை விரைக்கும், அப்புறம் அவள் அவளாக இருக்க மாட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். கல் இல்லாத இடமாக, அடுப்பு இல்லாத இடமாக, தண்ணீர் இல்லாத இடமாகக் கிடத்த வேண்டும். டாக்டர் சொன்னதில் தண்ணீர்தான் முதலில் வந்தது. "தண்ணிகிட்ட தனியா விடாதீங்கம்மா, மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க, மத்தபடி பிள்ளை பிள்ளை மாதிரியே இருக்கலாம்." பிள்ளை பிள்ளை மாதிரியே இருக்கலாம் என்று அவர் சொன்னது மட்டும் ஆவுடைக்குப் புரியவே இல்லை. முற்றத்தில் நிழல் இல்லை. சாரல் வருவதும் நிற்பதுமாக இருந்தது. குழலியும் முப்பிடாதியும் கிராம்புத் தோட்டத்துக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி கீரையை எடுத்தாள். வாடை போயிருந்தது. போனதும் பயமாக இருந்தது.

போகட்டும், தோட்டம்தானே. முப்பிடாதியின் அப்பாதான் அந்தத் தோட்டத்துக்குக் காவல், அவர் கண்ணுக்கு எட்டின தூரத்தில்தான் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை, அவர் தென்காசிக்கு உரம் வாங்கப் போயிருப்பாரோ? போனாலும் முப்பிடாதி இருக்கிறாள். அவளைப் பார்த்தால் பன்னிரண்டு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தேங்காய் மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறவள். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் குழலி விழுந்த அன்றைக்கு மற்ற பிள்ளைகள் சிதறி ஓட, இவள் ஒருத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து பாவாடையை இழுத்துவிட்டாளாம். அதற்கப்புறம் குழலி பள்ளிக்கூடம் போகவில்லை, முப்பிடாதி வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். முதல் நாள் வந்து வாசலிலேயே நின்றாள். "யாரு பிள்ளை நீ?" "முப்பிடாதி." "என்னட்டி வேணும்?" "குழலி வேணும்." வெங்காயம் வேணும் என்பது போலக் கேட்டாள். ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது, வீட்டில் அன்றைக்கு யாரும் சிரிக்கிற நிலையில் இல்லாவிட்டாலும். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் வழிவிட்டது. முதலில் வாசல்வரை, அப்புறம் தெருமுனைவரை, அப்புறம் தோட்டம். வெயில் படாமல் வெளுத்துப் போயிருந்த பிள்ளைக்குக் கன்னத்தில் நிறம் வந்தது, வாய் நிறைய உண்டாள், காலில் சேறும் தலையில் கிராம்பிலை வாசமுமாகத் திரும்பி வந்தாள். வலிப்பு வரவே இல்லை. "மலைக்காத்துக்கு எல்லாம் தெளிஞ்சிரும் அத்தே" என்று முப்பிடாதி பெரியமனுஷி மாதிரிச் சொன்னாள். ஆவுடை வாயால் "மாத்திரைக்குக் கேக்குதுட்டி" என்றாளே தவிர, மனசுக்குள் காற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டிருந்தாள். அதை இப்போது நினைத்தால் யாரோ பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. நல்லது நடக்கும்போது உரக்க நினைத்துவிட்டோமோ?

கீரைக்காம்பு விரலில் குத்தியது. பீடி சுற்றிய விரல்கள், எதையும் பார்க்காமலே செய்யும், மனசை மட்டும் வேலைக்கு இழுக்காது. ஆறாவதோடு அவள் படிப்பை நிறுத்தி மடியில் பீடித்தட்டை வைத்து உட்காரவைத்தார்கள். அன்றைக்கு அழவில்லை, இப்போதுதான் சில சமயம் அழுகை வருகிறது, அதுவும் இந்தப் புத்தகம் வந்த பிறகு. ரெஜினா டீச்சர் கொண்டுவந்து கொடுத்த புத்தகம். மேலட்டை போய், காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தது. "உலகம் பூரா பிள்ளைக வாசிச்ச கதைம்மா. வெளிநாட்டுக் கதை, தமிழ்ல வந்தது. நோவாளிப் பிள்ளை ஒண்ணு, அவ சிநேகிதி ஒண்ணு, ஒரு தோட்டம். ராத்திரி டிவி, செல்லு எதுவும் வேண்டாம்னுதான டாக்டர் சொல்லியிருக்காவ? சாயங்காலம் இத வாசிச்சுக் காட்டுங்க." "எனக்கு வாசிக்க வராது டீச்சர்." "எழுத்துக் கூட்டுவீங்கள்ளா?" கூட்டினாள். வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே, முதலில் தனக்குள் கூட்டி, அப்புறம் வாய்விட்டு. விளக்கேற்றிவிட்டு அந்த விளக்குக்குப் பக்கத்தில்தான் உட்காருவது வழக்கம், வேறு நேரம் அவளுக்கு ஒழியாது. குழலி மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள், முப்பிடாதி சுவரில் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்பாள். ஆலைக்காரர் வீட்டு நோயாளிப் பெண் லீசா. ஓடக்காரர் மகள் தோரா. ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் போகாத ஆப்பிள் தோட்டம், பட்டுப்போன மரங்கள். தோரா வந்து லீசாவை இழுத்துக்கொண்டு போகிறாள். லீசாவுக்குக் கறுப்பாய் ஒரு கசப்பு மருந்து கொடுப்பார்கள். அதை அவள் வாயில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்புவாள். பட்ட மரம் துளிர்க்கும். "பாத்தியளா!" என்று முப்பிடாதி தொடையில் தட்டினாள். குழலி கண்ணை அகலமாக்கிக்கொண்டு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அப்போதே கவனித்திருக்க வேண்டும். எதைக் கவனித்தோம்? எழுத்தை.

எழுத்தைக்கூட முழுசாகக் கவனிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம், லீசாவும் தோராவும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டுகிற இடம். நீ விழுந்தால் நான் இழுப்பேன், நான் விழுந்தால் நீ இழு என்று தோரா சொல்கிறாள். அதை வாசிக்கும்போது பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆவுடை பக்கத்தைத் திருப்பினாள். விரல் மேல் வரியில் இருக்கும்போதே கண் கீழே ஓடிவிட்டது, அங்கே சவப்பெட்டி என்று ஒரு வார்த்தை கிடந்தது. விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. விளக்கு வைக்கிற நேரத்தில் இந்த வீட்டில் சாவைப் பற்றிப் பேசுவதில்லை, நோவைப் பற்றிப் பேசுவதில்லை, எண்ணெய் இல்லை என்றுகூடச் சொல்வதில்லை, எண்ணெய் நிறைய வாங்க வேணும் என்றுதான் சொல்வது. அதுவும் பிள்ளை மடியில் கிடக்கும்போது, சவப்பெட்டி என்று எப்படி வாய்விட்டு வாசிப்பது? எச்சிலைத் தொட்டுப் பக்கங்களைக் கொத்தாய்ப் புரட்டினாள். ஆப்பிள் பூத்திருக்கிற இடம் வந்தது. லீசா தோட்டத்தின் நடுவில் நின்றாள், காற்று அவள் கன்னத்தைத் தொட்டது. அங்கேயிருந்து ஆரம்பித்தாள். "தோரா எங்க?" என்றாள் முப்பிடாதி. "அவ அப்பாவுக்கு வேற ஆத்துல ஓடம் கெடைச்சிருச்சு. போயிட்டாவ." "சொல்லாமக் கொள்ளாமயா?" "சொல்லிட்டுத்தான் போனா. நான் மெதுவா வாசிச்சேன், நீ கேக்கல." முப்பிடாதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "நானா இருந்தா போமாட்டேன்" என்றாள். புரட்டிய பக்கங்களைப் பகலில் வாசித்துப் பார்ப்போம் என்று இருந்தாள். பகலில் துணி, தண்ணீர், ரேஷன். அப்புறம் வாசிக்காமல் இருப்பதே நல்லதாகப் பட்டது. தெரியாத சாவு வீட்டுக்குள் வராது.

மேற்கே இடி உருண்டது. மலைக்கு மேலே, வெகு உயரத்தில். இங்கே சாரல் நின்று வெளிச்சமாகத்தான் இருந்தது. கீரைச் சட்டியை உள்ளே வைத்துவிட்டு, சாயங்கால விளக்குக்குப் பூப் பறிக்க நந்தியாவட்டைப் பக்கம் போனாள். இந்த வருஷம் செடி பூத்துக் கொட்டுகிறது. போன வருஷம் நோஞ்சானாக நின்ற செடி. குழலிதான் தினம் காலையும் ராத்திரியும் தண்ணீர் ஊற்றுகிறாள், பல்கூட விளக்காமல் முதலில் இங்கேதான் வந்து குந்துவாள். மாத்திரை வாங்கி வாயில் போட்டதும் நேரே இங்கேதான். அடியில் பூ உதிர்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் பூ இல்லை, மொட்டு. மொட்டு எப்படி மண்ணுக்குள்ளிருந்து வெளியே எட்டிப் பார்க்கும்? விரலால் தோண்டினாள். வெள்ளையாய் ஊதிப்போய், பாதி கரைந்து, நடுவில் கோடு போட்ட ஒன்று கையில் வந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் தோண்டினால் மாவு மாதிரி மண்ணே வெளுத்திருந்தது. ஒரு கணம் அவளுக்கு என்னவென்றே புரியவில்லை. எறும்புமருந்து போட்டோமா? சுண்ணாம்பா? புத்தி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். தினம் அவள் உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கிற கோடு. "முழுங்கிட்டியா?" "ஆ..." என்று வாயைத் திறந்து காட்டுவாள். நாக்குக்கு அடியில் பார்க்க யாருக்குத் தோன்றும்? பெற்ற பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்க்கிற தாய் உண்டா? செடி பூத்ததை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாளே. வேலம்மா மதினியிடம்கூட, என் பிள்ளை கைராசி என்று.

செல்லை எடுத்துப் புருஷனை அழைத்தாள். சங்கரலிங்கம் தேங்காய் வேனோடு ஆரியங்காவு தாண்டிப் போயிருந்தான். "என்னங்க, பிள்ளை மாத்திரையே திங்கல. மண்ணுல பொதைச்சு வச்சிருக்கா." "என்ன பொதைச்சு? உரக்கச் சொல்லு, கேக்கல, மலைப்பாதையில நிக்கேன்." "மாத்திரைங்க, மாத்திரை!" "தீந்துபோச்சா? வரும்போது வாங்கிட்டு வாரேன். ஏ ஆவுடை, இங்க பேய்மழ பேயுது பாத்துக்கோ, மலை முழுக்க. பிள்ளைய வீட்டோட வச்சுக்க." அறுந்துபோனது. பேய்மழை. மலை முழுக்க. ஒருவேளை, என்று ஒரு நினைப்பு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. ஒருவேளை மாத்திரை இல்லாமலே தெளிந்துவிட்டதோ? இத்தனை நாளாய் வரவில்லையே. காற்றும் தண்ணீரும் சிநேகிதமும் போதும் என்றுதானே அந்தப் புத்தகமும் சொல்லுகிறது, உலகம் பூரா வாசித்தது பொய்யா சொல்லும்? அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது, வெல்லம் மாதிரி இருந்தது, அவள் அதைத் தூக்கி எறிந்தாள். புத்தகம் என்ன சொல்லியது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் வாசிக்கவில்லையே.

சாமி அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, நின்றபடியே பிரித்தாள். அந்த இடம் தானாகத் திறந்துகொண்டது, அவள் எச்சில் பட்ட ஓரம் சுருங்கி இருந்தது. கூட்டிக் கூட்டி, உதடு அசைய. அன்று மலையில் மழை. ஓடையின் நிறம் மாறுவதைத் தோராதான் முதலில் கண்டாள். பாதி ஓடையில் லீசாவுக்குப் பழைய மயக்கம் வந்தது. விழுந்தவளின் பாரம் கயிற்றை இழுத்தது. என்ன இது, பிள்ளைகள் வாசிக்கிற புத்தகத்தில் இப்படியா எழுதுவார்கள்? ஒரு வார்த்தை புரியவில்லை, தாண்டினாள், தாண்டக்கூடாது என்று திரும்பி வந்தாள். லீசாவை வேர் ஒன்று தடுத்து நிறுத்தியது. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது, தோராவால் அவிழ்க்க முடியவில்லை. கயிற்றின் மறுமுனையில் அவள் தண்ணீருக்குள்ளேயே இருந்தாள். அப்புறம் அந்தச் சவப்பெட்டி. அப்புறம் லீசா, யாரும் சொல்லாமலே, கறுப்பு மருந்தை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள், ஒவ்வொரு நாளும், வருஷக் கணக்காக. அப்புறம்தான் மரம் வைக்கிறாள். அப்புறம்தான் பூ. பிள்ளைகளிடம் ஆவுடை சொன்னது வேறு கதை. மருந்தைத் துப்பு, கயிற்றைக் கட்டு, தண்ணீருக்குள் போ, எல்லாம் பூக்கும் என்று தன் வாயால், விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். கயிறு. முந்தாநாள் குழலி கேட்டாள், "யம்மா, ஒன் பழைய சுங்குடிச் சேலையக் கிழிச்சுத் தாயேன், பலமா, நீளமா." "எதுக்குட்டி?" "ஊஞ்சல் கட்ட." அவளே பல்லால் கடித்து, நூல் பிரியாமல், நெடுக்கக் கிழித்துக் கொடுத்தாள். ஊஞ்சலில் விழுந்துவிடாதே என்று புத்தியும் சொன்னாள்.

மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடினாள். செருப்பைப் போட மறந்துபோனது. வேலம்மா மதினி வாசலில் தலைவிரித்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கட்டி இந்த ஓட்டம்? பிள்ளைய அந்தத் தோட்டக்காரன் மவகூட அவுத்து விட்டுட்டு இப்பத் தேடுதியாக்கும்?" "மதினி, கிராம்புத்தோட்டத்து ஓடை..." "ஓடையா? மேல கறுத்துக் கெடக்கே, போவாதட்டி, கலங்கத்தண்ணி திடீர்னு பாஞ்சு வரும்." அதைத்தானே நானும் சொல்கிறேன் என்று கத்தத் தோன்றியது, கத்தினாளா என்று தெரியவில்லை, தெரு முடிந்துவிட்டது. மலை இல்லை. தினம் பார்க்கிற மலை இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு நின்றது. கீழே வயலில் வெயில் அடித்தது, நாரைகள் ஒன்றும் தெரியாதது போல் மேய்ந்தன. இந்த ஊருக்கு வருகிற தண்ணீர் இப்படித்தான், இங்கே ஒரு சொட்டு விழாமல் மேலே பெய்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டும். ஏதாவது நேர்ச்சை போடலாம் என்று பார்த்தாள். குழல்வாய்மொழி அம்மன் பேரைத்தான் பிள்ளைக்கு வைத்திருந்தது, அந்தப் பேர்கூட அப்போது வாயில் வரவில்லை. வலிப்பு வந்தால் ஊரில் கையில் இரும்பைக் கொடுப்பார்கள், சாவிக்கொத்து எடுத்து வந்திருக்கலாமோ? இரும்பு வேண்டாம், ஒருக்களித்துப் போடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஒருக்களித்து. தண்ணீருக்குள் எந்தப் பக்கம் ஒருக்களிப்பது? முப்பிடாதி பாரம் தாங்குவாள், பலசாலி. பலசாலி என்பதால்தான் பயம். விடமாட்டாள் அவள். தோராவும் விட்டிருக்க மாட்டாள். நானா இருந்தா போமாட்டேன் என்று அந்தப் பிள்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னது காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று போனால் தன் பிள்ளை. இரண்டு போனால்? யார் பெற்ற பிள்ளையையோ ஒரு சேலைக்கிழிசலில் கட்டி அனுப்பியிருக்கிறாள். முள்வேலி கையைக் கிழித்தது, கிராம்பு வாசம் முகத்தில் அடித்தது, அதற்குள் வெல்ல வாடை இருக்கிறதா என்று மூக்கு தேடியது.

அவர்கள் ஓடை நடுவில், தட்டைப் பாறைமேல், முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பைச் சுற்றிப் பச்சைச் சுங்குடி. பாறைக்குக் கீழே நாலைந்து எட்டில் கசம், ஆனை நின்றாலும் மூழ்கும் என்பார்கள் அந்த மடுவை. கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் எழுந்து நிற்பார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். கெண்டைக்கால் அளவுதான் இருந்தது, ஆனால் கால் தெரியவில்லை, நிறம் மாறியிருந்தது. முப்பிடாதிதான் பார்த்தாள். "அத்தே! வாங்க வாங்க. தண்ணியப் பாருங்க, டீ மாதிரி வருது." "எந்திரிக்காதட்டி. அப்படியே இரு. நான் வாரேன்." "நீங்களும் வெளாட வருதியளா?" குழலி மெதுவாகத் திரும்பினாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்று, மூக்கு சுருங்கியது. "யம்மா" என்றாள், "வெல்லம்..." மிச்சத்தை அவள் சொல்லவில்லை. எப்படிப் பாய்ந்தாள் என்று ஆவுடைக்கு அப்புறம் ஒருநாளும் நினைவு வரவில்லை. முழங்கால் பாறையில் மோதியதும், பிள்ளையின் தலை கல்லில் படுமுன் தன் கை அடியில் போனதும்தான் தெரியும். கண் இழுத்துக்கொண்டது, கை விரைத்தது, உடம்பு உதற ஆரம்பித்தது. ஒவ்வோர் உதறலுக்கும் கட்டியிருந்த முப்பிடாதியும் சேர்ந்து குலுங்கினாள். தண்ணீர் பாறைமேல் ஏறி வந்து பாவாடையை நனைத்தது. "அவுருட்டி, முடிச்ச அவுரு!" "வரலியே அத்தே, நனைஞ்சு போச்சு!" "இழுக்காத!" "நான் இழுக்கல, அவதான்..." அந்தப் பிள்ளை அழுதுகொண்டே, யாரும் சொல்லாமல், கசம் இருக்கிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் பாறையின் விளிம்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள். "நான் அடைச்சுக்கிடுதேன். நீங்க அவ தலையப் பாருங்க." ஆவுடை தலையைப் பார்த்தாள். ஒருக்களித்து வைத்து, வாயோர நுரையைத் துடைத்து, இன்னொரு கையால் முப்பிடாதியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. தண்ணீர் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. இந்த உலகத்தில் தன்னிடம் இரண்டு கைகள்தான் இருக்கின்றன என்பது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

உதறல் நின்றதும் மூன்று பேரும் ஒரே உருப்படியாகக் கரைக்கு வந்தார்கள், நடுவில் துவண்ட பிள்ளை, இரண்டு பக்கமும் இவர்கள், தொடைவரை தண்ணீர் தள்ளியது. கரையில் கிராம்பு மரத்தடியில் சாய்ந்தபோது பொழுது மங்கியிருந்தது. தூரத்தில் ஊரில் இரண்டொரு விளக்கு தெரிந்தது. தன் வீட்டில் விளக்கில்லை என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வழியே போனது. குனிந்து ஈர முடிச்சைப் பல்லால் கடித்தாள். குழலி கண்ணைத் திறந்தாள். எதையும் அடையாளம் தெரியாத கண். "என் பேரு என்ன, சொல்லு." ஆவுடை முப்பிடாதியைக் கைகாட்டினாள். "இவ பேரு என்ன?" வெகுநேரம் கழித்து, "முப்பி" என்றது அந்தக் குரல். அப்புறம் அழுதது. "யம்மா, காத்து சரியாக்கும்லா சொன்ன? லீசாவுக்கு ஆச்சுல்லா?" ஆவுடை வாயிலிருந்து நூலைத் துப்பினாள். விளக்கு வைக்கிற நேரம். ஊர் முழுக்க யாரும் கெட்டது பேசாத நேரம். "இல்ல தங்கம். நான் பக்கத்தத் தாண்டிட்டேன். லீசா ஓடையில விழுந்துட்டா. கயிறு கட்டியிருந்ததுனால தோராவும் விழுந்தா. தோரா வேற ஊருக்குப் போகல. அவ செத்துப்போனா. அதுக்கப்புறம் லீசா ஒரு நாளும் மருந்த விடல." ஓடை இரைந்தது. பிள்ளைகள் உட்கார்ந்திருந்த தட்டைப் பாறையைத் தேடினாள், பாறை இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு சுழிப்போடு ஓடிக்கொண்டிருந்தது. முப்பிடாதியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுந்து தொங்கிய சேலைக்கிழிசலை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "சுருக்கு முடிச்சுல்லா போட்டிருக்கணும்" என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "லூசுப் பிள்ளைக."

ஆவுடை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரை அட்டை நனையாமல் இருந்தது. மயக்கம் இன்னும் தெளியட்டும் என்று காத்திருந்தாள், குழலி தானாக எழுந்து உட்கார்ந்து "குளிருது" என்று சொல்லும்வரை. நாளைக்கு முதல் பஸ்ஸில் டாக்டரிடம் போக வேண்டும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், பக்கத்தைப் புரட்டியதையும் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்தாள், நடுவில் அந்தக் கோடு. தண்ணீருக்கு எங்கே போவது, ஓடை சேறாய்ப் போகிறதே என்று அவள் திகைக்கும்போது, முப்பிடாதி எழுந்து போய் ஓரத்துச் சேம்பிலை ஒன்றை ஒடிக்காமல் வளைத்துப் பிடித்தாள். மறுபடி விழ ஆரம்பித்திருந்த சாரல் அதில் உருண்டு உருண்டு சேர்ந்து நின்றது. "இங்கன வா" என்றாள். குழலி மாத்திரையை வாயில் போட்டாள், இலையின் நுனியில் வாயை வைத்தாள், முப்பிடாதி சிந்தாமல் சரித்துவிட்டாள். விழுங்கினாள். பிறகு யாரும் கேட்காமலே அம்மாவின் பக்கம் திரும்பி, வாயை அகலத் திறந்து, நாக்கை மேலே தூக்கிக் காட்டினாள். இருட்டில் ஆவுடைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. முப்பிடாதிதான் கிட்டே போய், முகத்தை முகத்தோடு ஒட்டவைத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். "அந்தப் பக்கம் திரும்பு" என்றாள். "இந்தப் பக்கம்." அப்புறம் நிமிர்ந்து, "போயிருச்சு அத்தே" என்றாள்.